விரல் படக்கூடாத பல்பு

சேசு மரி சூசை

கம்பெனி லைன் வீடு,
திருவொற்றியூர்.
30-1-1978

அன்பு மகன் இக்னேஷியசுக்கு அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நான், உன் நைனா, தங்கச்சி ஹில்டா மூன்று பேரும் மூன்று வேளைச் சோறும் முழு உடம்புமாக இருக்கிறோம். முழு உடம்பு என்று எழுதியது பொய், அதைப் பின்னால் சொல்கிறேன். நீ அந்த வெயில் தேசத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று பஷீர் சொன்னான், ஆனாலும் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இதை நான் தபாலில் போடவில்லை. பஷீர் லீவு முடிந்து வருகிற வாரம் குவைத்துக்குத் திரும்புகிறான், அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி, ரூமில் இருக்கிற பையன்களுக்கு வாசித்துக் காட்டாதே.

கிறிஸ்துமஸுக்கு நீ பஷீர் கையில் அனுப்பிய சாமான் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஹில்டாவுக்கு நைலக்ஸ் புடவை ரொம்பப் பிடித்துவிட்டது, டைப்ரைட்டிங் கிளாசுக்குக்கூட அதைத்தான் கட்டிக்கொண்டு போவேன் என்கிறாள், நான் விடவில்லை. எனக்கு அனுப்பிய ஊதா நிறம் யாருடைய யோசனை, நான் என்ன பிஷப்பா, போகட்டும், மகன் வாங்கிக் கொடுத்தது என்று பூசைக்குக் கட்டினேன். உன் நைனா மட்டும் சட்டைத்துணி, சோப்பு, சென்ட் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அந்தப் பல்பு டப்பாவைத்தான் எடுத்தார். போன தடவை லீவில் வந்தபோது நீ கம்பெனி ஜீப்பில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, இந்த லைட்ட வெச்சிகினு எப்டி நைனா ஓட்டுற, எதிர்ல வர்றவன் பீடிதான் நம்ம லைட்டவிட நல்லா எரியுது என்று சிரித்தாயே, அதை மனதில் வைத்து அனுப்பினாய் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய லைட்டுக்கு இரண்டு, பனி லைட்டுக்கு இரண்டு, நாலு பல்பையும் பாயில் வரிசையாக வைத்துப் பிரசவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பஷீர் திருப்பித் திருப்பிச் சொன்னான், மாமா கண்ணாடிய மட்டும் வெறலால தொட்டுடாதீங்க, கையில கீற எண்ணெப் பிசுக்கு பட்டாப் போதும், எரிய சொல்லோ அந்த எடத்துல சூடு ஏறி வெடிச்சிடும், துணியாலதான் புடிக்கணும் என்று. அதைக் கேட்டதிலிருந்து உன் நைனா ஹில்டாவை அந்தப் பக்கம் மூச்சு விடக்கூட விடவில்லை.

மண்ணடியிலிருந்து மெக்கானிக் தாவூதைக் கூட்டி வந்து மாட்டினார். ஜீப்பு எங்கள் கல்யாணக் காலத்து ஜீப்பு, அதன் கூட்டில் உன் வெளிநாட்டுப் பல்பு உட்காரமாட்டேன் என்றது. தாவூது வளையத்தை ராவி, தடிமனான ஒயராக மாற்றி, முன்னால் பேருக்குத் தொங்கிக்கொண்டிருந்த பனி லைட்டு இரண்டுக்கும் தனி சுவிட்ச் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு வேலை செய்தான். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் லைனில் இருக்கிற அத்தனை பேரும் ஓ என்று கத்தினார்கள். கடைசி வீட்டுக் கொடியில் காய்ந்த பாவாடையின் பூ வரைக்கும் தெரிந்தது. பனி லைட்டு எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாக எரிந்தது. உன் நைனா முகத்தைப் பார்த்திருந்தால் நீ அழுதிருப்பாய். நம் கோயிலில் முன் பெஞ்சில் உட்காருவாரே ஜார்ஜ், இப்போது அவர்தான் கம்பெனி மேனேஜர், அவரும் வந்து பார்த்து, இன்னா அருள்நாதா, சூரியனையே கட்டி இஸ்துகினு வந்துட்ட, இனிமே பனியாவது கினியாவது, நாளைலேர்ந்து ஃபஸ்ட் ஷிப்ட் ஆளுங்கள நீயே ஏத்திகினு போயிடு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் நைனாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று இப்போது சொல்கிறேன், பயப்படாமல் படி. எண்ணூரில் வேலை நடக்கிற இடத்துக்கு ஃபிட்டர்களை ஏற்றிப்போவதுதான் உன் நைனா வேலை என்று உனக்குத் தெரியும். மார்கழி தை மாதத்தில் கடல் பக்கமிருந்து பனி ஏறி, புகைபோக்கிப் புகையும் கீழே இறங்கிவிட்டால் அந்த ரோட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுகூடத் தெரியாது. லைட்டு சரியில்லாத ஜீப்பு என்பதால் பொழுது விடிகிற வரைக்கும் அதை எடுக்கவேண்டாம் என்று வைத்திருந்தார்கள், காலை ஷிப்டு ஆட்கள் ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். பழைய லைட்டைப் பார்த்து ஊரே கேலி செய்தது, ஆனால் அந்தக் கோழிக்குருட்டு லைட்டுதான் உன் நைனாவைக் காப்பாற்றி வைத்திருந்தது. இக்னேஷியஸ், உன் நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் பாடுகிறாரே, அவ்வளவும் மனப்பாடம். நான் பக்கம் திருப்பினால் அவரும் திருப்புவார். ஒரு நாள் வேண்டுமென்றே நான் தப்பான பாட்டைத் திருப்பி வைத்தேன், அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குத்தான் கண் மங்குகிறது, துணைக்கு வாங்க என்று பொய் சொல்லி எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கே போனதும் அவரைப் பிடித்து டாக்டர் முன்னால் உட்காரவைத்தேன். புரை இன்னும் முற்றவில்லை, முற்றினால்தான் ஆபரேஷன், அடுத்த வருஷம் வாருங்கள் என்றார் டாக்டர். முற்றுவதற்கு அது என்ன பூசணிக்காயா என்று கேட்டுவிட்டு வந்தேன். கண்ணும் தெரியாது, கண்ணை அறுக்கவும் முடியாது, நடுவில் ஒரு வருஷம் என்ன செய்வது, அதை எந்த டாக்டரும் சொல்லவில்லை. வெளியில் தெரிந்தால் டிரைவர் வேலை போகும், வேலை போனால் இந்த லைன் வீடு போகும், ஹில்டா வயசுப்பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது. உனக்குச் சொல்லமாட்டேன் என்று மாதா படத்தின் மேல் என் கையைப் பிடித்து வைத்துச் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்கிறேன். தவசு காலத்துப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் தினமும் விடியலுக்கு முன்னால் ஜீப்பு கிளம்பியது. நல்ல லைட்டு இருந்தால் நன்றாகத்தானே தெரியும் என்று நீ நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் நைனாதான் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார், அந்த வெளிச்சம் பனியில் பட்டு அப்படியே திரும்பி அவர் கண்ணிலேயே அடிக்கிறதாம், கண்ணுக்கு எதிரில் வெள்ளை வேட்டியை உலர்த்திவிட்டு அதற்குள் ஓட்டுகிற மாதிரி இருக்கிறதாம். பழைய லைட்டே தேவலாம் வியாகுலம் என்றார். நமக்கு வந்த வாழ்வைப் பார். பஷீரின் தம்பி ரோஷன் அதே ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறான், முன் சீட்டில் உட்கார்ந்து, மாமு எருமை கீது, மாமு லெப்ட்ல ஒட்டு என்று வழி நெடுகக் கத்திக்கொண்டு போகிறானாம். மாமு தமாசுக்கு நம்மள கத்த வுடறாரு என்று என்னிடமே சொல்லிச் சிரித்தான். அவன் அம்மா ரசூல் பீவி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வூட்டுக்காரரு ஓட்டுற வண்டில என் புள்ள போறான்க்கா, நான் நிம்மதியா தூங்கறேன் என்றாள். எனக்கு அந்தக் குடத்தோடு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது. சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் அவள் பிள்ளை போகும், என் புருஷனும் போவார். ஜீப்பு சத்தம் மறைந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்காருவேன், ஹில்டா தூங்குகிறாள், யாரிடம் பேசுவது. ஜெபமாலையை எடுத்தால் பாதியிலேயே எந்த மணியில் இருக்கிறேன் என்பது மறந்துபோகும். இடுப்புவலி என்று லீவு போடுங்கள் என்றேன், ரெண்டு நாளு வலிச்சா லீவு, மூணாவது நாள் வேற டிரைவரு என்றார்.

வெளிநாட்டுப் பல்பு என்று திருட்டுப் பயம் அவருக்கு. தினமும் வண்டியை விட்டதும் நாலையும் கழற்றி, துணியில் சுற்றிக் கொண்டுவந்து, மாதா படத்துப் பலகையில் வைப்பார். நான் தினமும் அதற்கு எதிரில்தான் முழங்காலில் நிற்கிறேன். ஒரு சனிக்கிழமை ஹில்டா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன், பஷீர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் எழுந்து போனதும் அந்தத் துணியைப் பிரித்து ஒரு பல்பை எடுத்து, தேங்காயெண்ணெய்க் கையாலேயே நன்றாகத் தடவி, திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன். நீ ஆசையாக அனுப்பியதை உன் அம்மாவே நாசம் செய்தாள். ஆனால் என் புத்தியைப் பார், அது எங்கே வெடிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை அவர் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நடு ரோட்டில், பனியில், ஒரு பக்கம் கடல், வண்டி நிறைய ஆட்கள். ஐயோ என்று வாசலுக்கு ஓடினேன், அங்கே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. ஜீப்பு திரும்பி வருகிற வரைக்கும் அங்கேயேதான் நின்றேன். எர்ணாவூரைத் தாண்டி டப் என்று வெடித்ததாம், ரோஷன் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியிருக்கிறான், மணலில் ஏறி நின்றதாம். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஜார்ஜ் கேட்டுவிட்டு, ஒண்ணு பூட்டா இன்னா, மூணு கீதே, அது போதும் ஓட்டு என்றாராம்.

உன் நைனா அன்றைக்கு மிச்சம் மூன்றையும் சுற்றுகிற துணியை மோந்து பார்த்துவிட்டுப் பலகையில் வைத்தார். சோறு தின்றார், படுத்தார். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல ஹில்டா தலையை வாரிக்கொண்டிருந்தேன். அவர் பலகையிலிருந்து துணி மூட்டையை எடுத்து வந்து என் மடியில் வைத்து, மூணையும் தொடச்சி வெய் என்றார். நான் கை கழுவ எழுந்தேன். இன்னாத்துக்கு கழுவுற, குந்து, அப்டியே தொடை என்று சொல்லிவிட்டு வெளியில் போய்விட்டார். இக்னேஷியஸ், வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த மனுஷன்மேல் அப்படி ஒரு ஆசை வந்ததில்லை, அப்படி ஒரு அழுகையும் வந்ததில்லை. பல்புக்கு ஏம்மா அழுவுற என்றாள் ஹில்டா. மூன்றையும் நன்றாகத் துடைத்து வைத்தேன்.

இந்தத் தடவை அவர் புத்தியாகச் செய்தார். திங்கட்கிழமை ஆட்களை ஏற்றுவதற்கு முன்னாலேயே, ஜீப்பை நம் வாசலில் நிறுத்தியபடி எல்லா லைட்டையும் போட்டு, எஞ்சின் சூடாவணும் என்று சொல்லி எரியவிட்டுக்கொண்டே நின்றார். ஒன்று வெடித்தது. மற்ற இரண்டும் கொப்புளம் வந்த மாதிரி உப்பிக் கறுத்து அவிந்தன. ஆட்கள் ரயிலுக்கு ஓடினார்கள். பழைய பல்பு திரும்ப ஏறிவிட்டது, இப்போது விடிந்த பிறகுதான் ஜீப்பு கிளம்புகிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. ஜார்ஜுக்கு ருசி கண்டுவிட்டது. நேற்று பூசை முடிந்து எல்லார் எதிரிலும், உம்மவனுக்கு எழுதி இன்னொரு செட்டு வரவழை அருள்நாதா, கம்பெனியே துட்டு குடுக்கும் என்றார். உன் நைனா என்ன செய்வார், சரிங்க சார் என்று தலையாட்டினார். பஷீரிடமும் ஜார்ஜ் தனியாகச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், அது உன் கைக்கு வரும். நீ அனுப்பாதே ராசா. அந்த அளவு பல்பு இப்போது கடையில் வருவதில்லை என்று எழுது. பனிக்காலம் இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் அடுத்த மார்கழிக்குள் அந்தப் பாழாய்ப்போன புரை முற்றவேண்டும். என் புருஷன் கண் சீக்கிரம் கெட்டுப்போகட்டும் என்று முழங்காலில் நின்று வேண்டிக்கொள்கிற பொம்பளை இந்த ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நான் ஒருத்திதான் இருப்பேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, நீ பாசத்தில் அனுப்பினாய், அதை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

இதை எழுதும்போது உன் நைனா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், தோளோடு தோள் இடிக்கிறது. காகிதத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். பல்பு ரொம்ப நல்ல பல்பு, தாவூது ஒயர் சரியா குடுக்கல, அதான் பூட்ச்சி, இல்லன்னா புள்ள சங்கடப்படுவான், அத எழுது என்கிறார். எழுதிவிட்டேன் என்றேன். கண்ண பத்தி ஒண்ணும் எழுதலியே என்று கேட்டார். இல்லை என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி இல்லாமல் போகாதே, வெள்ளிக்கிழமை ஜெபமாலையை விடாதே. மாதாவும் சூசையப்பரும் உன் முன்னும் பின்னும் நடக்கட்டும், இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். பதில் எழுதும்போது கண் என்கிற வார்த்தையே வேண்டாம், வழக்கம்போல ஹில்டாதான் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் உன் நைனாவுக்கு என்று ஒரே ஒரு வரி மட்டும் தனியாக, கறுப்பு மையில், சினிமா நோட்டீஸ் மாதிரிப் பெரிய எழுத்தில் எழுது. அந்த ஒரு வரியையாவது அவரே படிக்கட்டும்.

உன் அம்மா,
அ. வியாகுலம்மாள்