பாலத்துக்கு இந்தப் பக்கம்

பேயட், ஐடஹோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை நடீனுக்கு,

மார்லா எழுதுகிறேன். தொலைபேசியில் நீ அழுதுகொண்டே இருந்ததால் நடந்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை.

உன் அத்தான் வெண்டலின் முழங்கால் வலிக்கு உன் ஊரில் நீ வாங்கிக் கொடுத்த சி.பி.டி. எண்ணெயை அவர் ஒளித்து வைக்கவில்லை. காரில் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. உன் ஒரிகானிலிருந்து பாலம் தாண்டியதும், பின்விளக்கு எரியவில்லை என்று காரை நிறுத்திய போலீஸ்காரன் நம் கிப். பள்ளியில் இவரிடம் பேஸ்பால் கற்றவன். "அது என்ன கோச்?" என்றிருக்கிறான். இவர் புட்டியை நீட்டி, "ஹெம்ப் செடி எண்ணெய்டா. போதை கீதை ஒண்ணும் ஏறாது. சோதனை பண்ணி லேபிள்லயே போட்டிருக்கான், படிச்சுப் பாரு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அவன் படித்துவிட்டான். கஞ்சாவின் போதைச் சத்தான டி.எச்.சி. கால் சதவீதத்துக்கும் குறைவு என்று இருந்தது. "வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா கோச்? நம்ம பக்கம் துளிகூட இருக்கக் கூடாது. என் சட்டையில கேமரா வேற ஓடுது" என்றானாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்த லேபிள் தரச்சான்று. இந்தப் பக்கம் அதை வைத்தே கஞ்சா வழக்கு.

நேற்று பாலம் தாண்டி, நீ எண்ணெய் வாங்கிய கஞ்சாக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்ற கார்களில் பாதிக்கு மேல் எங்கள் மாநில எண். ஜன்னலில் கஞ்சா கலந்த மிட்டாய்கள், பார்க்கக் குழந்தைகள் தின்பது போலவே. கஞ்சாவை எதிர்த்துத் தேவாலயத்தில் கையெழுத்து வாங்கிய லொரீன் கையில் பையோடு வெளியே வந்தாள். "என்னடி மார்லா, ஒனக்கும் தூக்கம் வரலியா?" என்று சிரித்தாள். வெண்டலைப் பற்றிச் சொன்னதும், "ஐயோ பாவம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றபடி பையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன், அங்கே எதையும் தொடாவிட்டாலும்.

டான்சியை வெள்ளிக்கிழமை குழந்தைகள் நலத்துறையினர் அழைத்துப் போனார்கள். வழக்கு இருக்கும் வீட்டில் வளர்ப்புக் குழந்தையை விடமாட்டார்களாம். "கேஸ் முடியற வரைக்கும்தாம்மா" என்றாள் அந்த அதிகாரி, என் முகத்தைப் பார்க்காமல். அடுத்த மாதம் தத்துப் பத்திரத்தில் கையெழுத்திட இருந்தோம். "நான் பல்லு தேய்க்காம ஏமாத்துனேனே, அதுக்கா?" என்று குழந்தை கேட்டாள். வெண்டல் அவள் பிரஷ்ஷைத் துடைத்துப் பையில் வைத்தார்.

நீதிமன்றத்துக்கு வந்து, "நான்தான் குடுத்தேன்" என்று சொல்வதாகச் சொன்னாய். வேண்டாம். வாங்கியது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை, இந்தப் பக்கம் யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி என்கிறார் வக்கீல். குற்றமென்று தீர்ப்பானால் டான்சி திரும்ப வருவாளா என்று கேட்டேன். ஃபைலை மூடிவிட்டு, பார்க்கலாம் என்றார்.

ஆனாலும் வியாழக்கிழமை விசாரணைக்கு வா. எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார். கிளம்பும்முன் கைப்பை, கோட்டுப் பை, காரின் இருக்கை இடுக்கு எல்லாவற்றையும் உதறிப் பார். உன் நாய்க்குக் கொடுக்கும் சொட்டு மருந்தையும் வீட்டிலேயே வைத்துவிடு, அதுவும் இதே எண்ணெய்தானே.

டான்சியின் மழைச் செருப்பு இன்னும் கதவோரம் இருக்கிறது. நான் எடுத்து வைக்கவில்லை. அவளுக்கு இனிப்பு ஏதாவது கொண்டுவர நினைத்தால், பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்து வாங்கு, நடீன். கட்டாயம் வாங்கு.

உன் அக்கா,
மார்லா