ஒரே இடத்தில் ஒரே துண்டு

இன்று காலை கம்பெனியில் மெஷின்கள் ஓடும் கூடத்துக்குள் நுழைந்ததும் கூலன்ட் நாற்றம் மூக்கில் ஏறியது. இரும்பை வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் அந்த வெள்ளைத் திரவத்தில் பூஞ்சை பிடித்தால் வரும் புளித்த நாற்றம். சண்டையைப் பாதியில் விட்டுப் போய்விட்டாயே என்று எனக்கு உன் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்படலாமா என்று கேட்காதே. படுகிறேன்.

தண்டலம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை. ஒரகடத்துக் கம்பெனிகளின் கூலன்ட் தொட்டிகளில் பூஞ்சையைச் சுரண்டி வந்து, அதன் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவைப் பெருக்கிப் பார்ப்போம். எல்லா உயிரிலும் உள்ள மரபணு என்பதால், எதற்கு எது உறவு என்று அதை வைத்துச் சொல்லலாம். இரண்டு பூஞ்சைகளில் மட்டும் அது நீளமாக வந்தது. கலப்படம் என்று குப்பையில் போட்டேன். நீ படப்பைக்காரி, விடுவாயா? கையுறையோடு குப்பையைக் கிளறினாய்.

“அழுக்கு இல்லடி இது. நடுவுல இன்ட்ரான் கீது.”

மரபணுவுக்குள் குடியேறி, ஆர்.என்.ஏ. ஆனதும் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு வெளியேறும் துண்டு. இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. துண்டையும் சேர்த்தே உறவு மரம் போட்டு, இரண்டும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்று நம் இருவர் பெயரிலும் கட்டுரை எழுதிவிட்டேன்.

“ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குத் தாவியிருந்தா? தாவுனாலும் அதே எடத்துலதான் போய்க் குந்தும். துண்ட வெட்டிட்டு ஜீனுக்கு ஒரு மரம், துண்டுக்குத் தனியா ஒரு மரம் போடு. ரெண்டும் ஒத்துப்போவுதா பாரு.”

“பெறவு பாப்போம்ட்டி. நாளைக்கு அனுப்பியாகணும்.”

“இன்னா அவசரம் உனக்கு?” என்று கத்தினாய். உனக்குப் பொறாமை என்றேன். பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாய். அந்த வாரமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. கட்டுரை வெளிவந்தது. அதைக் காட்டித்தான் இந்தக் கம்பெனியில் லேப் வேலையும் கிடைத்தது.

போன வாரம்தான் நீ சொன்னபடி இரண்டு மரமும் போட்டேன். இத்தனை நாள் போடாததற்குப் பயம்தான் காரணம். துண்டின் மரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மரபணுவின் மரத்தில் எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று. துண்டு தாவித்தான் இருக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று மதியம் இதழுக்கு எழுதிவிட்டேன். தவறு என்னுடையது, முதலில் கண்டவள் நீ என்றும் எழுதினேன். உட்கார முடியவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைத் திறந்து பார்க்கிறேன். வேலை போனால் போகட்டும். அன்று உன்னைப் பொறாமைக்காரி என்றேனே, அதைத் திரும்பப் பெற யாருக்கு எழுதுவேன்?