ஹவ் மச் என்று கேட்காத அம்மாவுக்கு

அம்மா,

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தையில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்களோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் தமிழில், சத்தமாக, விலைக்குச் சண்டை பிடித்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷெல்லடிக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, உங்கள் தம்பி வீட்டு முன்னறையில் நாங்கள் ஒண்டியிருந்த காலம் அப்படியில்லை. வாசலைத் தாண்டினால் தமிழ் வாயில் வரக் கூடாது என்பது மாமாவின் சட்டம். உங்களுக்குச் சிங்களம் வராது. கடைக்குப் போக நாலு வரி ஆங்கிலம் படிப்பித்துவிடு என்று என்னிடம் சொன்னார்.

எண்ணக்கூடியதற்கு ஹவ் மெனி, மற்றதற்கு ஹவ் மச், விலைக்கும் ஹவ் மச் என்றேன். முட்டை மெனி, சீனி மச். எத்தனை, எவ்வளவு என்று நாங்களும் பிரித்துத்தானே சொல்கிறோம், இதற்கு ஒரு படிப்பா என்று இளக்காரமாகச் சிரித்தீர்கள். காசுக்கும் மச் என்றதும் பிடித்துக்கொண்டீர்கள்.

“காசை எண்ணித்தானே குடுக்கிறம். பிறகேன் மச்?”

ரூபாயை எண்ணலாம், காசு என்ற சொல்லை எண்ண முடியாது என்று புத்தகத்தைக் காட்டினேன். எழுதினவனுக்குச் சம்பளத்தை ஒருவரும் எண்ணிக் கொடுக்கவில்லைப் போல என்றீர்கள்.

சந்தையில் ஹவ் மச் என்று கேட்டீர்கள். மீன்காரன் உங்கள் ஆங்கிலத்துக்கும் சேர்த்து விலை சொன்னான். அதையும் பொறுத்தீர்கள், பக்கத்து லொட்ஜில் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும்வரை. அங்கே தங்கியிருந்த தமிழ்ப் பெடியன்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எத்தனை பேர் என்று கேட்டுப்போன தாய்மாருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் சந்தையில் நின்று, ஊரில் கேட்பதுபோல, “பாரை என்ன விலை?” என்றீர்கள்.

நாங்கள் திரும்புமுன் கதை வீட்டுக்குப் போய்விட்டது. தனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், உத்தியோகம் இருக்கிறது, வெளியில் தமிழ் கதைப்பதென்றால் வேறு இடம் பாருங்கள் என்றார் மாமா. நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

“எண்ணிக் குடுக்கிற காசுக்கு மச். எண்ணாமல் அள்ளிக்கொண்டு போற பெடியளுக்கு மெனி. இந்தப் பாஷையில நான் இனி ஒண்டும் கேக்கமாட்டன், தம்பி.”

அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஒற்றை அறை, பொதுக் குழாய். மாமா ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் செத்தவீட்டுக்கு மட்டும் கனடாவிலிருந்து வந்தார். அக்காவில் தான் எவ்வளவு பாசம் வைத்திருந்தார் என்று, வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி அழுதார். நான் கிட்டப் போனேன்.

“அதைத் தமிழில சொல்லுங்கோ மாமா. அம்மாவுக்கு விளங்கட்டும்.”

கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

பயத்தில் செய்தது, மன்னித்துவிடு என்கிறார்கள் சொந்தக்காரர். நீங்கள் மன்னித்திருப்பீர்கள். வெளியே போகச் சொன்ன வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்பியவர் நீங்கள். நான் அனுப்பமாட்டேன். பயம் உங்களுக்கும் இருந்தது. மீன்காரனிடம் விலை கேட்டபோது என் மணிக்கட்டைப் பிடித்திருந்த உங்கள் கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் கேட்டீர்கள். அந்த நடுக்கம் இன்னும் என் கையில் இருக்கிறது. மாமாவுக்கு அதில் பங்கில்லை.