பார்பிக்யூவில் கடைசி ஊர்

2007 நவம்பர் 5, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஸ்கூல் லீவு என்று சொன்னது சாருவுக்கு யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னி, டிபன் கட்டிய பிறகு. பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இவர் மேடவாக்கம் ஆபீஸ் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். மறைமலை நகர் கம்பெனியில் ஆள் குறைத்தபோது இவரையும் அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து காலையில் எனக்கு பஸ் ஏறும் வேலை மிச்சம். சேலையூர் சிக்னலில் அந்தக் கம்பெனி பஸ்ஸே பக்கத்தில் வந்து நின்றது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். மழை அப்போது விட்டிருந்தது.

ஆபீஸ். சுரேஷ் சாருக்குப் புது யோசனை. நம் வெப்சைட்டில் ஜனங்கள் ஹோட்டல்களைப் பற்றி எழுதுகிற ரிவ்யூவை எல்லாம் கூட்டிக் கழித்து, 'பார்பிக்யூவுக்கு எந்த ஊர் பெஸ்ட்' என்று ஒரு லிஸ்ட். நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் என்பதால் என் தலையில். சென்னையை மட்டும் நாலாகப் பிரிக்க வேண்டுமாம், படிக்கிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் என்பதால்.

"பார்பிக்யூன்னா எதெல்லாம் சார்?"

"நெருப்புல காட்டறது எல்லாம் போடுங்க மாலதி."

ஜனங்கள் அந்தத் தலைப்பில் எழுதி வைத்திருப்பவை: தந்தூரி. கிரில் சிக்கன். கபாப். ஷவர்மா. மேஜை நடுவில் அடுப்பு வைத்துத் தருகிற பெரிய ஹோட்டல். திருவான்மியூர் பீச்சில் சுட்ட சோளம் (ஐந்து ஸ்டார், "லவ்லி").

சோளத்தை எடுத்துவிட்டேன்.

நவ. 6, செவ்வாய்

தூறல். குடை தொலைந்தது, ஷேர் ஆட்டோவில் என்று நினைக்கிறேன்.

லிஸ்ட் முடிந்தது. முதலில் பெங்களூர். அடுத்து ஹைதராபாத். பிறகு கோயம்புத்தூர், கொச்சி, இத்யாதி. கடைசியில் சென்னை தென்புறநகர். அதாவது நாங்கள். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை எல்லாம் சேர்த்து.

எங்கள் ஊரைப் பற்றி எழுதியிருப்பதில் சில: "ரப்பர்." "காலையில் சுட்ட கோழியை ராத்திரி வரை சுத்த விடறாங்க." "கம்பியில காஞ்சு தொங்குது, பாவம்." வயிறெரிந்து எழுதியவை. பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

பெங்களூர்க்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். முக்கால்வாசி ஆபீஸ் ட்ரீட். யாரோ வாங்கித் தந்த கறிக்கு எல்லோரும் ஐந்து ஸ்டார். இதை சாரிடம் சொன்னேன். "அதெல்லாம் ஆவரேஜ்ல சரியாயிடும்" என்றார். சரியாகாது. வெயிலில் காய்ந்த ஊறுகாய் மாதிரி உப்பு ஏறித்தான் வரும். வாதாட நேரமில்லை, தீபாவளிக்கு முன் போட்டாக வேண்டுமாம். சாயங்காலம் சைட்டில் ஏறிவிட்டது.

நவ. 7, புதன்

லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து வந்து இவரிடம் காட்டினேன். வேடிக்கைக்காக. "பாத்தீங்களா, நம்ம ஊரு ஃபர்ஸ்ட்டு. கீழேர்ந்து."

இவர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் படித்தார்.

இவரும் அப்பாஸ் அண்ணாவும் சேர்ந்து கேம்ப் ரோட்டில் கிரில் சிக்கன் கடை போடுவதாகப் பேச்சு. அப்பாஸ் அண்ணா குரோம்பேட்டை ஸ்கூலிலிருந்து இவருக்கு நண்பர். பல்லாவரத்தில் வேறொருவர் கடையில் கிரில் போடுகிறார். மொபைல் ரீசார்ஜ் கடைக்குப் பக்கத்தில் இடம் கூடப் பார்த்தாகிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் இடத்துக்காரரிடம் வேண்டும், வேண்டாம் சொல்ல வேண்டும்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நவ. 8, வியாழன். தீபாவளி

எண்ணெய்க் குளியல். சாரு கம்பி மத்தாப்போடு சரி, வெடிக்குக் காதைப் பொத்திக்கொண்டு சமையலறையில். இட்லி, கறிக்குழம்பு.

மதியம் அப்பாஸ் அண்ணா வந்தார். சாரு "மாமா" என்று காலைக் கட்டிக்கொண்டது. சாப்பாட்டுக்குப் பிறகு இவர் அந்த பிரிண்ட்டை எடுத்து நீட்டினார்.

"மச்சான், இத்த படி. இங்க போட்டா வேலைக்கு ஆவாது. பெங்களூர்ல போடலாம்."

அப்பாஸ் அண்ணா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெங்களூர்ல நமக்கு இன்னாடா கீது? யார்னா தெரியுமா?"

"சித்தி பையன் ரூம் கீது. நான் முதல்ல போய்ப் பாக்கறேன். ஆறு மாசம். அப்பறம் நீ வா."

"தங்கச்சி இன்னா சொல்லுது?"

இவர் எனக்கு முன்னால் பதில் சொன்னார்: "லிஸ்ட்டு போட்டதே அவதான்."

அப்பாஸ் அண்ணா என்னைப் பார்த்தார். நான் பாயசம் எடுத்துவர உள்ளே போனேன். பாயசம் ஏற்கெனவே அவர் முன்னால்தான் இருந்தது.

நவ. 9, வெள்ளி

தெரு முழுக்க வெடிக் காகிதம், ஈரத்தில் ஊறி. ஆபீஸில் பாதிப் பேர் இல்லை.

லிஸ்ட்டுக்குக் கீழே சண்டை. ஹைதராபாத்காரர்களும் பெங்களூர்க்காரர்களும். சார் குஷி. எங்கள் ஊருக்காக வாதாட ஒருவர் கூட வரவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கிரில் வாங்கிப் போகிற கூட்டம் சைட்டுக்கு வருகிற கூட்டம் இல்லை.

இவர் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு, 18. சொல்லிவிட்டு எடுக்கவில்லை, எடுத்துவிட்டுச் சொன்னார். மாலையில் பரணிலிருந்து பெரிய பையை இறக்கி, வெளியே தட்டி, நாற்காலியில் வைத்தார்.

ஆறு மாதம் என்று போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. நான் போட்ட கணக்கைக் காட்டியே என் வீட்டுக்காரர் கிளம்புகிறார். யாரிடம் போய்ச் சொல்ல.

நவ. 11, ஞாயிறு

துணி காயவில்லை. வீடெல்லாம் ஈர வாசனை.

சாரு: "அப்பா பெங்களூர்லேர்ந்து தினம் வருவாரா?" இவர்: "சண்டே சண்டே." அந்த வாக்குறுதியை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பை இன்னும் நாற்காலியில். சாருவின் பொம்மையை யாரோ அதில் வைத்திருக்கிறார்கள். சாருவேதான்.

நவ. 12, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு நாள் கண்ணில் படாததற்கு.

பக்கத்து சீட் கன்னடப் பெண்ணிடம் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு. தீபாவளிக் கறியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், புரட்டாசி முழுக்க முட்டை கூட இல்லாமல் இருந்த பிறகு எவ்வளவு ருசி என்று. "எங்க வீட்ல விரதம் சிராவணத்துலயே, உங்க ஆவணிலயே முடிஞ்சிடும்" என்றாள். அங்கேயே கை நின்றுவிட்டது.

நாங்கள் சைட் திறந்தது செப்டம்பர் நடுவில். ரிவ்யூ எழுதினால் டி-ஷர்ட் என்று போட்டி வைத்தது அக்டோபர் நடு வரைக்கும். கையில் இருக்கிற ரிவ்யூ எல்லாம் அந்த ஒரு மாதத்து ரிவ்யூ. அதாவது அப்படியே புரட்டாசி. தாம்பரத்தில் பாதி வீடு கறி பக்கம் திரும்பாத மாதம். கோழி விற்காமல் கம்பியிலேயே கிடந்து காய்ந்திருக்கிறது. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ரப்பர்தான்.

அதே மாதம் ரம்ஜான். ஹைதராபாத்தில் சாயங்காலமானால் அடுப்பு அணையாத நாட்கள். சூடாகச் சாப்பிட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள். பெங்களூர்க்காரர்கள் பலருக்கு விரத மாதம் நாங்கள் திறக்கும் முன்பே முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் அந்த மாதம் கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவள் நான்தான். கணக்குப் போடும்போது அது நினைவுக்கு வரவில்லை. புள்ளியியலில் முதல் வகுப்பு.

சுரேஷ் சாரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர், கேட்பார்.

"நீங்க சொல்றது கரெக்ட் மாலதி. ஆனா லிஸ்ட்ட எடுக்க முடியாது. லிஸ்ட்டுன்னா சண்டை வரணும். வருது."

"தப்புன்னு ஒரு வரி கீழே போடலாமே சார்."

"போடலாம். சின்னதா."

போட்டார். கண்ணாடி போட்டால்தான் தெரியும்.

நவ. 13, செவ்வாய்

இன்று வெயில். துணி எல்லாம் காய்ந்தது. மொட்டை மாடியில் மடித்துக்கொண்டே இவரிடம் எல்லாம் சொன்னேன். புரட்டாசி, ரம்ஜான், சிராவணம், டி-ஷர்ட்.

"அப்ப சரியா எடுத்தா நம்ம ஊரு ஃபர்ஸ்ட்டு வருமா?"

"தெரியாது. இத வச்சி எந்த ஊரையும் சொல்ல முடியாது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இவர் சாருவின் பாவாடையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"லிஸ்ட்டு தப்பாவே இருக்கட்டும் மாலு. நான் போறேன்."

"ஏன்?"

பாவாடையைக் கூடையில் வைத்தார். "கம்பெனி பஸ்ஸு எங்க நிக்குது?"

கேம்ப் ரோட்டில். நாங்கள் பார்த்த இடத்துக்கு எதிரில்.

"ஷிஃப்ட்டு முடிஞ்சா எல்லாரும் அங்கதான் இறங்குவாங்க. எனக்குக் கீழ வேலை செஞ்ச பசங்க. தினகரன் சார், தினகரன் சார்னு கூப்ட்டவங்க. நான் கோழி பொட்டலம் கட்டிக் குடுத்துக்கினு நிக்கணுமா?"

இதற்கு என் கணக்கில் கட்டமே கிடையாது. சிக்னலில் கண்ணாடியை இறக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. க்ளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

நவ. 14, புதன்

சாரு ஸ்கூலில் குழந்தைகள் தினம். ரோஜாப்பூ வேடம். முள் மறந்துவிட்டது என்று அழுகை.

அப்பாஸ் அண்ணா விடுவதாக இல்லை. "நீ போறதுன்னா போ மச்சான். போறதுக்கு முன்னாடி ஒரு நாள் போட்டுப் பாத்துடலாம்" என்று இடத்துக்காரரிடம் ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார். போர்டு இல்லை, பெயர் இல்லை. பல்லாவரத்திலிருந்து கம்பி அடுப்பு டாட்டா ஏஸில் வந்தது.

ஆபீஸிலிருந்து நேரே அங்கே போனேன். அப்பாஸ் அண்ணா நெருப்பில். இவர் பின்னால், சுவரைப் பார்த்தபடி, பொட்டலம் கட்டிக்கொண்டு. கூட்டம் இருந்தது. மேடவாக்கத்துப் பையன்கள், பர்தா போட்ட அம்மாக்கள், வண்டியை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போகிறவர்கள்.

கம்பெனி பஸ் வந்தது. ஐந்தாறு பேர் ரோட்டைக் கடந்து வந்தார்கள். அதில் ஒருவர், வேலு, எங்கள் வீட்டுக்குக் கூட வந்திருக்கிறார்.

"தினகரன் சார்? இன்னா சார் இங்க?"

"ஃப்ரெண்டு கடைப்பா. சும்மா வந்தேன்."

கையில் கட்டிய பொட்டலம். அப்பாஸ் அண்ணா கம்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காதில் விழாமல் இருந்திருக்காது.

"லெக் பீஸு கீதா சார்?"

"அவர கேளு."

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எனக்குக் கோபம், இவர் மேல். அதைவிட அப்பாஸ் அண்ணாவை நினைத்து வருத்தம். கோழி நன்றாக இருந்தது, அதையும் யாரும் சொல்லவில்லை.

நவ. 16, வெள்ளி

நேற்று எழுதவில்லை. சாருவுக்கு ஜுரம். இன்று பரவாயில்லை, ரஸம் சாதம் சாப்பிட்டது.

ஆபீஸில் புதிதாக வந்த ரிவ்யூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரம் பக்கத்தில் ஒன்று. ஆங்கில எழுத்தில் தமிழ், பெயர் போடவில்லை. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"சேலையூர் கேம்ப் ரோடு, ரீசார்ஜ் கடை பக்கத்துல. போர்டு இல்ல. கோழி சூப்பர், உள்ள வரைக்கும் வெந்திருக்கு. மாஸ்டர் நல்லா பேசறார். பொட்டலம் கட்டறவரு மூஞ்சியே காட்டல. நாம இன்னா தப்பு பண்ணோம்னு தெரியல. நாலு ஸ்டார். அவரு திரும்பிப் பாத்திருந்தா அஞ்சு."

பிரிண்ட் எடுத்தேன். காட்டுவதா வேண்டாமா என்று மேடவாக்கத்திலிருந்து சேலையூர் வரை யோசனை. போன தடவை காட்டியதற்கே இன்னும் பட்டுக்கொண்டிருக்கிறோம்.

காட்டினேன்.

நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"யாரு எழுதுனது? வேலுவா?"

"தெரியல. பேரு இல்ல."

"ஒரு ஆளு எழுதுனத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்லுவியே."

"ஊரப் பத்தி சொல்ல முடியாது."

"இது ஊரப் பத்தி இல்லியே" என்றார்.

முகம் கழுவப் போனார். நேரம் ஆயிற்று வருவதற்கு. கண் சிவந்திருந்தது, சோப்பு என்றார். அப்புறம் அப்பாஸ் அண்ணாவுக்கு போன். வாசலில் நின்று பேசினார். எனக்குக் கேட்டது கொஞ்சம்தான்: "இல்லடா... அன்னிக்கு உன் கடைன்னு சொல்ட்டேன்... தெரியும், நீ கேட்டேன்னு தெரியும்... சாரிடா மச்சான்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. இவர் சிரித்தார்.

நவ. 17, சனி

கார்த்திகை பிறந்துவிட்டது. தெருவில் காலையிலேயே மாலை போட்டவர்கள், சரணம். அப்பாஸ் அண்ணா போனில்: "தங்கச்சி, சாமிங்க மலைக்குப் போய்த் திரும்பற வரைக்கும் கொஞ்சம் டல்லாதான் இருக்கும்னு உன் கணக்குல இப்பவே எழுதிக்க."

பையைப் பரணில் போட்டாயிற்று. பொம்மையும் அதோடு மேலே போய், சாரு கத்தி, திரும்ப இறக்கி, பொம்மையை எடுத்து, திரும்ப ஏற்றி.

இவர் தாம்பரம் ஸ்டேஷனுக்கு டிக்கெட்டை ரத்து செய்யப் போயிருக்கிறார். வரும்போது எலுமிச்சை, இஞ்சி, சாருவுக்கு ஜுர மருந்து. போகும்போது ஹெல்மெட் கண்ணாடி மேலேதான் இருந்தது, பார்த்தேன்.

போர்டு எழுதுகிறவர் நாளை வருகிறார். யார் பெயர் முதலில் என்று இரண்டு பேருக்கும் இப்போதே சண்டை. ரேங்க் போட என்னைக் கூப்பிடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.