காலில் வளையம் போட்ட வாத்து

மாமா,

போன்ல சொன்னா நீங்க சிரிச்சே சமாளிச்சுடுவீங்க, அதான் எழுதறேன்.

சேத்தியாத்தோப்புலேர்ந்து பஸ்ஸுல குடுத்தனுப்புன பை வந்துச்சு. எனக்குப் பறவைன்னா உசுருன்னு தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கீங்க. பீங்கான் கம்பெனியிலேர்ந்து நான் வர்றதுக்குள்ள அம்மா கொழம்பே வெச்சுட்டாங்க. "மாப்ள ஆசையா அனுப்பியிருக்காரு, சாப்புடுடி"ன்னாங்க. நான் சாப்புடல.

அது வரித்தலை வாத்து மாமா. இமயமலைக்கு மேல பறந்து வர்றது. யூடியூப்புல எத்தனை தடவ பாத்திருக்கேன் தெரியுமா? வெட்டிப் போட்ட கால்ல ஒரு வளையம் இருந்துச்சு. எங்கெங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க மங்கோலியாவுல பறவை ஆராய்ச்சி பண்றவங்க மாட்டி வுட்டது. அந்த நம்பர அவங்களுக்கு மெயில்ல அனுப்புனேன். குஞ்சா இருந்தப்ப போட்டாங்களாம். இவ்ளோ தூரம் வந்துடுச்சான்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம். "இப்ப நல்லா இருக்குதா?"ன்னு கேட்டிருக்காங்க.

பொய் சொல்ல மாட்டேன். கண்ணியில மாட்டிச் செத்துச்சுன்னு எழுதப்போறேன். யாரு வெச்ச கண்ணின்னு கேட்டா அதையும் சொல்லுவேன்.

ஞாயித்துக்கிழமக்குள்ள ஏரியில நீங்க வெச்சிருக்கற கண்ணியெல்லாம் அவுத்துட்டு வூட்டுக்கு வாங்க. பக்கத்துல உக்காருங்க, ரெண்டு பேருமா எழுதலாம். வரலேன்னா நான் ஒருத்தியே எழுதிடுவேன். நிச்சயத்துக்கு எடுத்த புடவையையும் திருப்பி அனுப்பிடுவேன்.

இன்னைக்கு வரைக்கும்
உங்களுக்குப் பேசி வெச்ச பொண்ணு