ஈப்பிடிப்பான் கூட்டின் படம்

நெய்வேலி
22.5.2016

அன்பு மகள் புவனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம். குவார்ட்டர்ஸில் வெயில் தாங்கவில்லை, ஜன்னலைத் துடைத்தால் மறுநாளே கரித்தூசி.

வால்பாறைக்குப் பறவை பார்க்கப் போனதைப் பற்றி நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், எனக்கு அதைப் பேசவே பிடிக்கவில்லை. அட்டை கடித்ததைச் சொல்லவில்லை, அது பாவம் பசிக்குக் கடிக்கிறது. அப்பாவின் போட்டோ கிளப்பிலிருந்து கூட வந்த பதினொரு பேரைச் சொல்கிறேன். சிப்ஸ் தின்றுவிட்டுக் கவரை மரப்பொந்தில் செருகினார்கள், பறவை வெளியே வரட்டும் என்று செல்போனில் அதன் குரலையே திரும்பத் திரும்பப் போட்டு அதை அலைக்கழித்தார்கள், இருவாச்சி தலைக்கு மேலே போனபோது யார் கேமராவில் விழுந்தது என்று சண்டை போட்டார்கள். உன் அப்பாவும் அதில் ஒருவர். முப்பது வருடம் சோறு போட்ட மனிதர், அன்று பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூசியது.

இரண்டாம் நாள் பாதையோர மண்சரிவில் ஒரு ஈப்பிடிப்பான் குருவியின் கூடு, உள்ளே மூன்று குஞ்சு, பெரணி இலை முன்னால் தொங்கி மறைத்திருந்தது. மைன்ஸில் அப்பாவோடு ஒரே ஷிப்ட் பார்க்கும் பரமசிவம், எல குறுக்க ஆடிகினே இருக்குதுங்க அண்ணி, ஊக்கு இருந்தா குடுங்க என்றார். வளையலிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டேன். யோசிக்கவே இல்லை புவனா, யார் ஊக்கு கேட்டாலும் என் கை தானாக வளையலுக்குப் போய்விடும், உனக்குத் தெரியுமே. அப்பாதான் இலையை ஒதுக்கிக் குத்தினார். அரை மணி நேரம் மாறி மாறிப் படம் எடுத்தார்கள், தாய்க்குருவி வாயில் பூச்சியோடு கிளைக்குக் கிளை தாவித் தவித்தது. கிளம்பும்போது ஊக்கைக் கழற்ற ஒருவருக்கும் நினைவில்லை, எனக்கும்தான். மறுநாள் காலை அதே வழியாக வந்தால் கூடு சரிந்து கிடக்கிறது, குஞ்சு ஒன்றுகூட இல்லை. பாம்போ வால்காக்கையோ, கதவைத் திறந்து வைத்தது நாங்கள். குருவி அப்போதும் பூச்சியோடு வந்து நின்றது. அப்பா, காட்டுல இதெல்லாம் சகஜந்தாம்ட்டி, நட என்றார். ஊக்கை நானே கழற்றி எடுத்து வந்தேன், வளையலில் மாட்டக் கை வரவில்லை, டிராயரில் கிடக்கிறது.

அன்று அப்பா எடுத்த கூட்டின் படத்துக்குத்தான் கிளப்பில் முதல் பரிசு. அப்பா உனக்கு அனுப்ப, நீ பெரிதாக்கி ஹாலில் மாட்டிவிட்டாய். படத்து ஓரத்தில் பனித்துளி மின்னுகிறது என்று பேத்தி தினமும் தொட்டுப் பார்ப்பதாகப் போன வாரம் சொன்னாய். அப்பா ஆமாம் ஆமாம் என்று சிரித்தார், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது பனித்துளி இல்லை, என் ஊக்கு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க என் ஆசிகள். இங்கே வெயில் என்றால் அங்கே இப்போது குளிர்காலமாமே, பேத்தியின் காதை மூடிப் பள்ளிக்கு அனுப்பு. படத்தைக் கழற்ற மறக்காதே. எங்கே போச்சு என்று அவள் கேட்டால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், ஆச்சியிடம் கேள் என்று போனை அவள் கையில் கொடு, நானே சொல்கிறேன், அப்பா பக்கத்தில் இருந்தாலும் சொல்கிறேன்.

உன் அம்மா
பொன்னம்மாள் சங்கரலிங்கம்