வேன் போகாத வீடு

செப்டம்பர் 2, செவ்வாய்

விடியும்போதே மழை. பாலத்தில் நெரிசல். புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் காப்பி ஆறிப்போனது.

செய்ய வேண்டியவை: தணிக்கைக் கோப்புகள். அளவுக் கருவிகளைச் சோதித்து ஒட்டிய ஸ்டிக்கர்களின் தேதிகளைச் சரிபார்ப்பது. பல் டாக்டருக்குப் போன்.

ஒன்றும் ஆகவில்லை. மனிதவளப் பிரிவு நிஷா ஏற்பாடு செய்த பயிற்சியில் நாள் போனது. பயிற்சியாளர் கோலாலம்பூர்க்காரர். நல்ல சட்டை, நிறையச் சிரிப்பு. வேலையிடத்தில் ஒருவருக்கு மற்றவரிடமிருந்து என்ன தேவை என்று அளக்கும் கேள்வித்தாளாம். மூன்று விஷயம்: கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவது, அதிகாரம், நெருக்கம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண். நாம் மற்றவரிடம் காட்டுவது எவ்வளவு, அவர்களிடம் எதிர்பார்ப்பது எவ்வளவு. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை.

ஒரே கேள்வியைச் சட்டை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். நான் படித்தது புள்ளியியல். தொழிற்சாலையில் என் வேலையே, அளக்கிற கருவி சரியா என்று முதலில் கேட்பது. "இதை யார் சோதித்தார்கள்?" என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

பின்வரிசையில் மாரியண்ணன். எங்கள் பிரிவின் ஸ்டோர், தேவைப்பட்டால் வேனும் அவர்தான். "இதுக்கு லிட்டில் இந்தியாவுல கிளி ஜோசியம் பாத்துருக்கலாம் லா. கிளியாச்சும் ஒரு சீட்டோட விட்டுரும்." புவனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

தேநீர் இடைவேளையில் புவனா என்னிடம் வந்தாள். பன்னிரண்டு வருஷமாக என் பிரிவில் பரிசோதனை மேசை. அதிகம் பேசாதவள். "மேடம், நாங்க எழுதுறத யாரு படிப்பாங்க?"

"நான்தான்."

தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அழிப்பான் இருக்கிறதா என்று பக்கத்து மேசை அஸ்லினாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

முடிவுகள். பிரிவுத் தலைவர்களைப் பயிற்சியாளர் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார்.

என்னுடையது: சேர்ந்திருப்பதில் நான் காட்டுவது ஒன்று. எதிர்பார்ப்பது எட்டு.

"மேடம், நீங்க கதவ சாத்திட்டு உள்ள உக்காந்துகிட்டு, ஏன் யாரும் தட்டலன்னு காத்துட்டு இருக்கீங்க."

கேள்விகளின் அமைப்பில் பிழை இருக்கலாம் என்றேன். தாளை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமைகளில் பிரிவு முழுக்க வெளியே சாப்பிடப் போகிறது. ஆரம்பத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்றேன். பிறகு கூப்பிடுவதில்லை. அவர்கள் கிளம்பும் சத்தம் கேட்டதும் கணினித் திரையை உற்றுப் பார்ப்பேன். திரையில் என்ன இருந்தது என்று பிறகு கேட்டால் தெரியாது.

போகட்டும். என் ஆட்களுடையதும் வந்தது. புவனா: எதிர்பார்ப்பது எல்லாவற்றிலும் பூஜ்யம். "இவங்கள தொந்தரவு பண்ணாம விட்டாலே போதும்" என்றார். பொறாமையாக இருந்தது. ஒருத்தியாவது நிம்மதியாக இருக்கிறாள்.

வரும் வழியில் ரொட்டி, தலைவலி மாத்திரை.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில். நேற்று மாலை புவனாவின் அம்மா தவறிவிட்டார். குழு வாட்சாப்பில் அவளே போட்டாள்: அம்மா போயிட்டாங்க, நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம். கீழே ஜெலுத்தோங் ஃபிளாட்டின் விலாசம். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு.

காலையில் அஸ்லினா கறுப்பு பாஜு குரோங் உடையில் வந்திருந்தாள். மாரியண்ணன் வெள்ளைச் சட்டை. யார் வீட்டில் சாவு என்றாலும் எங்கள் பிரிவு சேர்ந்துதான் போகும். இந்து, மலாய், சீனர் என்று பார்ப்பதில்லை. நான் இங்கே சேர்வதற்கு முன்பிருந்தே அப்படி.

"மேடம், வேன் சாவி வாங்கிட்டேன். ஒண்ணரைக்குக் கெளம்புனா பாலத்துல ஜாம் இருக்காது."

"வேண்டாம் அண்ணே."

"ஏன் மேடம்?"

"அவங்க தனியா இருக்க விரும்புறவங்க. கூட்டமாப் போயி நிக்க வேணாம்."

"யாரு, புவனாவா? அது அப்படிச் சொல்லுச்சா?"

"எனக்குத் தெரியும்."

சாவியை ஆணியில் மாட்டினார்.

நிஷாவிடம் காரணம் சொன்னேன். "வாவ் மேடம், ரிசல்ட்ட உண்மையிலேயே யூஸ் பண்ற ஒரே ஆளு நீங்கதான்." மலர் வளையத்துக்கு அவள் சொல்லிவிட்டாள். கம்பெனி பெயர் போட்டு.

நாள் முழுக்க அந்தக் கறுப்பு உடையும் வெள்ளைச் சட்டையும் என் கண்ணாடி அறைக்கு வெளியே நடமாடின.

மாலையில் வழக்கமான வழியில் திரும்பவில்லை. அவள் ஃபிளாட்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். கடலோரச் சாலையில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

உண்மையை இங்கேயாவது எழுதலாம். சாவு வீட்டில் எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்று எனக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை. அந்தப் பூஜ்யம் எனக்கு வசதியாக இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

புவனா வேலைக்குத் திரும்பினாள். மெலிந்திருக்கிறாள்.

"ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க புவனா."

"ஒண்ணுமில்ல மேடம்."

பார்த்தாயா, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மதியம் தனியாகச் சாப்பிட்டாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. நான் தேநீர் அறைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது உள்ளே மாரியண்ணன் குரல், ஸ்டோர் பையனிடம்:

"சும்மா போயி பேசாத. யாரும் வரவேணாம்னு அதுவே சொல்லிருச்சாம். மேடம்தான் சொன்னாங்க."

"ஏன்ணே அப்படி?"

"மனசு ஒடஞ்சா அப்படித்தான் லா."

நான் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை. காலிப் போத்தலோடு திரும்பி வந்தேன்.

பல் டாக்டர்: அடுத்த மாதம்தான் நேரம் கிடைத்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஜெலுத்தோங் பாசார். வாங்கியது: கெம்போங் மீன், கங்கோங் கீரை, இஞ்சி. வாங்க மறந்தது: முட்டை.

தக்காளிக் கடையில் புவனா. ஒளிந்துகொள்ள இடம் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் நான் கேட்டது இது. மாற்றாமல் எழுதுகிறேன்:

"நாங்க யாரும் வந்து தொந்தரவு பண்ணாதது ஒங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சா?"

என்னைப் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்க்கிற பார்வை.

"நிம்மதியா? மேடம், எங்க மாமியார் எல்லாரு முன்னாலயும் கேட்டாங்க. பன்னெண்டு வருஷமா ஒழைக்கிற, ஒரு மனுசன் எட்டிப் பாக்கல, நீ என்னதான் வேல செய்யுற அங்கன்னு. ஆபீஸ் ஆளுங்க வேன்ல வருவாங்கன்னு நான்தான் சொல்லிவச்சிருந்தேன். என் வீட்டுக்காரரு கூடுதலா சேரு எடுத்துட்டு வந்தாரு. அடுக்குனது அடுக்குனபடியே இருந்துச்சு."

கோபம் இல்லை குரலில். தக்காளியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கேள்வித்தாள்ல நீங்க எதுவும் வேணாம்னு…"

"அதுல வேற என்ன போடுறது மேடம்? நீங்க படிப்பீங்கன்னு சொன்னீங்க. என்னையும் கூப்பிடணும், கிட்ட வந்து பேசணும்னு போட்டா, இது வேலைக்கு வந்துச்சா கூட்டாளி தேடி வந்துச்சான்னு நெனப்பீங்க. சூப்பர்வைசர் போஸ்ட்டு வேற வருதுன்னாங்க. மொதல்ல உள்ளதத்தான் போட்டேன். அப்புறம் அழிச்சிட்டேன்."

பையைத் தூக்கிக்கொண்டாள். "மழ வருது மேடம். கொட கொண்டாந்தீங்களா?"

கொண்டுவரவில்லை. நனைந்தேன்.

ஸ்டிக்கர் காலாவதியான கருவியின் அளவை எழுதாதே என்று புதிதாகச் சேரும் எல்லாருக்கும் பாடம் எடுக்கிறேன். பயிற்சியன்று சபையில் எழுந்து கேள்வி கேட்டவள் நான். பிறகு, என் கையாலேயே, அந்த எண்ணைத் தூக்கிப் போய் ஒரு சாவு வீட்டின் முன்னால் நிறுத்திவிட்டேன்.

அதைவிட மோசம் ஒன்று. ஒன்றைக் காட்டிவிட்டு எட்டை எதிர்பார்க்கிறவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்.

அப்பா இறந்தபோது வேன் வந்தது. புவனா முன்னறையில் உட்காரவில்லை. பின்னால் போய், யாரும் சொல்லாமல், காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எதுக்கு இதெல்லாம்?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேன் கிளம்பியதும் மாடி ஜன்னலுக்குப் போய், அது தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தேன். அதை அவள் எப்படி அறிவாள்.

மீன் இன்னும் ஆயவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

முதலில் ஸ்டோருக்குப் போனேன். மாரியண்ணன் கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, புவனா யாரையும் வரவேணாம்னு சொல்லல. நானா முடிவு பண்ணேன்."

"அந்தத் தாளப் பாத்தா?"

"ஆமா."

இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தார். "கிளி ஜோசியம்னப்ப சிரிச்சீங்களே மேடம்."

அடுத்த பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கி வைத்தார்.

"எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

காலைக் கூட்டத்தில் சொன்னேன். புவனாவும் இருந்தாள். முதலில் மலாயில், பிறகு தமிழில். மலாயில் சொல்வது எளிதாக இருந்தது. தமிழில் 'மன்னிச்சிருங்க' என்ற சொல்லை இரண்டு தடவை தொடங்க வேண்டியிருந்தது. அஸ்லினா மேசையைப் பார்த்தாள். யாராவது கோபப்பட்டிருக்கலாம். யாரும் படவில்லை.

புவனா: "மீட்டிங்க ஆரம்பிக்கலாமா மேடம்?"

முடிந்து எழுந்தபோது மாரியண்ணன் என் முன்னாலேயே அவளைக் கேட்டார். "ஏம்மா, பதினாறு என்னைக்கு?"

"ஞாயித்துக்கெழம வச்சிருக்கோம்ணே."

"நாங்க வரலாமா?"

"வாங்கண்ணே. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

இவ்வளவுதான். இதைக் கேட்கத்தான் எனக்கு ஒரு கேள்வித்தாள் வேண்டியிருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் மூட்டம், பிறகு வெயில்.

வெட்கத்தோடு எழுதுகிறேன். புவனா வீட்டுக்கு நான் நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. பாலத்தைத் தாண்டி புக்கிட் தெங்காவுக்குக் காரை ஓட்டிப் போய், அங்கே நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு வேனில் ஏறி, அதே பாலத்தில் ஜெலுத்தோங்குக்குத் திரும்பி வந்தேன்.

"பெட்ரோல் சும்மா கெடைக்குதா மேடம்?" மாரியண்ணன், கண்ணாடியில் பார்த்து. யாரோ சிரித்தார்கள். அஸ்லினா நகர்ந்து இடம் விட்டாள். வேனில் பேச்சு முழுக்கச் சாலைக் கட்டணம், யாருடைய மகனுக்கோ தேர்வு. நான் பேசவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

ஃபிளாட்டின் கீழே கூடாரம். ஐயர் கிளம்பிவிட்டிருந்தார். நாங்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்து மாமியார் எழுந்து நின்றார்.

"இவங்கள்லாம் ஒன் ஆபீசா?"

"ஆமா அத்த. எல்லாரும் என் ஆபீஸ்தான்."

அதைச் சொன்னபோது புவனாவின் முகம். இரண்டு வாரம் முன்னால் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அன்று சேர்கள் காலியாக இருந்தன. இன்று கொடுத்தது பழையதைச் சரிக்கட்டாது, தெரிகிறது. இந்த வருஷம் தீபாவளி இல்லை என்றாள் அஸ்லினாவிடம். அம்மா படத்துக்குச் சாமந்தி மாலை. அம்மாவுக்கும் அதே நெற்றி.

என்னையும் "வாங்க மேடம்" என்றாள். எல்லாரையும் சொன்ன அதே குரலில்.

சாப்பிட்டபின் பின்பக்கம் போனேன். கோப்பைகள் குவிந்திருந்தன. ஒன்றை எடுத்துக் கழுவத் தொடங்கியதும் அவள் நாத்தனார் ஓடிவந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஐயோ, நீங்க போயி உக்காருங்க மேடம். சேல நனையுது."

போய் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

மழை. தணிக்கை நாளை. ஸ்டிக்கர்கள் முடிந்தன.

நான்கு மணிக்குப் புவனா என் அறைக்கு வந்தாள். பேக்கிங் பிரிவுக்கு மாற்றல் வேண்டும் என்றாள்.

"சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு ஒங்க பேரத்தான் எழுதியிருக்கேன் புவனா."

"தெரியும் மேடம். அது வேணாம்."

"நேத்து நல்லபடியா…"

"நல்லபடியா நடந்துச்சு மேடம். வந்தீங்க, ரொம்பச் சந்தோசம்."

வேலைக்கான கேள்வியைக் கேட்டேன். எனக்கு அதுதான் வரும். "காரணம் கேப்பாங்க நிஷா. என்னன்னு போடுறது?"

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், எனக்கு உதவுவதுபோல.

"அந்த டெஸ்ட்டுல வந்ததையே போட்டுருங்க மேடம். தனியா இருக்க விரும்புற ஆளுன்னு. எல்லாரும் நம்புவாங்க."

எழுதவில்லை. பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பார்க்கலாம் என்றோ என்னவோ சொன்னேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

போனபிறகுதான் பார்த்தேன். எதிர் நாற்காலியில் என் கைப்பை. அவ்வளவு நேரமும் அவள் நின்றுகொண்டே பேசியிருக்கிறாள்.